சந்தா கட்டினால்தான் திறக்கும் லிங்க்கைக் குழுவில் போடலாமா?

ராத்திரி பத்தரை மணி இருக்கும். நான் அட்மினாக இருக்கிற வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஓர் ஆங்கிலக் கட்டுரையின் லிங்க்கைப் போட்டு, "அவசியம் படிங்க" என்று இரண்டே சொல் எழுதியிருந்தார். கொஞ்ச நேரத்தில், குழுவில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், எனக்குத் தனியாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கட்டுரையில் இரண்டு பத்தி தெரிகிறது, மூன்றாவது பத்தி பாதியில் மங்கிப் போகிறது, அதற்குக் கீழே கார்டு எண் நிரப்புகிற கட்டம். "தம்பி, இது கார்டு நம்பர் கேக்குது. போடலாமா? நம்ம குழுவுல வந்ததுதானே?" என்று கேட்டிருந்தார்.

வேண்டாம் சார் என்று உடனே சொல்லிவிட்டேன். லிங்க் போட்ட தம்பியிடம் கேட்டால், அது பூட்டிய கட்டுரை என்பதே அவருக்குத் தெரியாது. அவர் அலுவலகச் சந்தாவில் லாகின் ஆகியிருக்கிறார், அவருக்கு எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அந்த "நம்ம குழுவுல வந்ததுதானே" என் மனதில் தங்கிவிட்டது. குழுவின் மேல் இருக்கிற நம்பிக்கையில் ஒரு பெரியவர் கார்டு எண்ணைத் தட்டப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு, புதிதாக வருகிறவர்களுக்கு இதைத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

கேள்விக்கு நேரான பதில்: போடலாம். பூட்டு இருக்கிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை உங்கள் வார்த்தையில் நாலு வரி எழுதி, அதே விஷயம் இலவசமாகக் கிடைக்கிற இடம் இருந்தால் அதையும் தேடிச் சேர்த்துப் போடுங்கள். பூட்டை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

சில குழுக்களில் கட்டணத் தள லிங்க்கே கூடாது என்று தடை வைத்திருக்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. நேரம் செலவழித்து, ஆள் அனுப்பி, ஆவணம் தேடி எழுதப்படுகிற செய்திகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தாவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கின்றன. லண்டன் டைம்ஸ் 2010 ஜூலையில் போனது, நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் போனது, நம் ஊரில் தி இந்துவும் விகடனும் சந்தா கேட்கின்றன. இதையெல்லாம் தள்ளிவைத்தால் குழுவில் மிஞ்சுவது யார் எழுதியது என்றே தெரியாத ஃபார்வர்டுகள்தான். விக்கிப்பீடியாவில் இதற்குத் தெளிவான நெறி இருக்கிறது: நம்பகமான ஆதாரம் ஒன்று காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்பதற்காக அதைத் தள்ளக் கூடாது. தள்ளாமல், அந்தச் சுட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பூட்டுப் படம் போடுகிறார்கள். இலவசம் என்றால் பச்சை நிறத்தில் திறந்த பூட்டு. வாசகர் தட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நம் குழுக்களுக்குத் தேவைப்படுவதும் இந்தப் பூட்டுப் படம்தான், அதை நாம் எழுத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

1. வெளியாள் மாதிரி திறந்து பாருங்கள்

லிங்க்கை நகல் எடுத்ததும் நேராகக் குழுவுக்கு ஓடாதீர்கள். போனில் குரோமைத் திறந்து, மூலையில் இருக்கிற மூன்று புள்ளியைத் தட்டி, புதிய மறைநிலைத் தாவல் என்று வருவதை எடுத்து, அதில் லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். அங்கே நீங்கள் லாகின் ஆகாத வெறும் ஆள். குழுவில் இருக்கிற மற்றவர்கள் என்ன பார்ப்பார்களோ ஏறக்குறைய அதைத்தான் பார்ப்பீர்கள்.

ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்றால், பூட்டில் நாலைந்து வகை இருக்கிறது. லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ், பெங்களூருவின் தி கென் போன்றவற்றில் சந்தா இல்லாமல் பெரும்பாலான கட்டுரைகளுக்குள் போகவே முடியாது, அது முழுப் பூட்டு. இன்னொன்று கணக்குப் பூட்டு. மாதத்துக்கு இத்தனை கட்டுரை இலவசம், அப்புறம் மூடிக்கொள்ளும். நியூயார்க் டைம்ஸ் ஆரம்பித்தபோது மாதம் 20 கட்டுரை இலவசமாகத் தந்தது, அடுத்த ஆண்டே அதைப் பத்தாகக் குறைத்தது. இந்த வகையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். மறைநிலையில் உங்கள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் கட்டுரை உங்களுக்கு அழகாகத் திறக்கும், அந்த மாதக் கணக்கை முடித்துவிட்ட இன்னொருவருக்குத் திறக்காது. அதனால் பக்கத்தின் மேலேயோ கீழேயோ "இந்த மாதம் உங்களுக்கு இன்னும் இத்தனை கட்டுரை" என்பது மாதிரி ஏதாவது பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் "சிலருக்குத் திறக்கலாம், சிலருக்குத் திறக்காது" என்று எழுதுங்கள்.

காசு கேட்காமல் மின்னஞ்சலும் போன் எண்ணும் மட்டும் கேட்கிற தளங்களும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும், போன் எண்ணைக் கொடுக்க விரும்பாதவர்கள் இருப்பார்கள். அப்புறம், கொஞ்ச நாள் பொறுத்தால் தானாகத் திறக்கிற தளங்கள். லினக்ஸ் உலகச் செய்திகளை எழுதுகிற எல்டபிள்யூஎன் தளத்தில் புதிய கட்டுரைகள் முதலில் சந்தாதாரர்களுக்கு, சில நாள் கழித்து எல்லோருக்கும். நம் ஊர்க் கட்டற்ற மென்பொருள் ஆட்களுக்கு இது பழகிய விஷயம். அவசரமில்லாத கட்டுரை என்றால் காத்திருந்து, திறந்த பிறகு போட்டுவிடலாம், ஒரு பிரச்சினையும் இல்லை.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கல்லூரி நூலகம் வழியாக ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால், முகவரியின் நடுவில் பல்கலைக்கழகத்தின் பெயரோ பிராக்ஸி என்கிற சொல்லோ ஒட்டிக்கொண்டு வரும். அந்த முகவரி உங்கள் கல்லூரி ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் உதவாது. எங்கள் குழுவில் முனைவர் பட்ட மாணவி ஒருவர் அப்படி ஒன்றைப் போட, நாங்கள் எல்லோரும் முன்பின் தெரியாத ஒரு கல்லூரியின் லாகின் பக்கத்தில் போய் நின்றோம். அதற்குப் பதிலாகக் கட்டுரையின் முதல் பக்கத்தில் டிஓஐ என்று போட்டு, 10 என்று ஆரம்பிக்கிற ஒரு நீள எண் இருக்கும் பாருங்கள், அதைக் கொடுங்கள். இதழ் தன் தளத்தையே மாற்றினாலும் அந்த எண் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும்.

2. திறந்த கதவைத் தேடுங்கள்

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் விட அதிகப் பலன் தருகிற வேலை இதுதான், பத்து நிமிடம் ஆகும், புதியவர்கள் பெரும்பாலும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். பூட்டிய கட்டுரையில் இருக்கிற முக்கியமான தகவல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பாதி நேரம் அது ஓர் அரசு அறிக்கையிலிருந்தோ, ஒரு தீர்ப்பிலிருந்தோ, ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்தோ வந்திருக்கும், மூலம் இலவசமாகவே இருக்கும்.

தீர்ப்பு பற்றிய செய்தியா? உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இ-எஸ்சிஆர் என்ற பெயரில் 2023 ஜனவரியிலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். இந்தியன் கானூன் தளத்திலும் தேடலாம், உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் அங்கே உண்டு. மத்திய அரசின் அறிவிப்பா? பிஐபி (மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம்) தளத்தில் முழு அறிக்கை இருக்கும், தமிழிலும் பல நேரம் இருக்கும். தணிக்கைத் துறையின் அறிக்கையா, குடும்ப நல ஆய்வின் எண்களா, மாநில பட்ஜெட் உரையா? எல்லாமே அந்தந்தத் துறைத் தளத்தில் திறந்தே கிடக்கின்றன. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நான் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன், டிஎன்பிஎஸ்சி கேள்விக்கும் யுபிஎஸ்சி கேள்விக்கும் பதில் அந்த மூல அறிக்கையில்தான் இருக்கிறது, நாளிதழ் அதைச் சுருக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

வெறும் அன்றாடச் செய்தி என்றால் பெரும்பாலும் பிடிஐ, ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி நிறுவனத்தின் பிரதியாக இருக்கும். முதல் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள், அதே செய்தியை எழுத்து மாறாமல் இலவசமாகப் போட்டிருக்கிற நாலு தளம் வந்துவிடும். அதில் ஒன்றை எடுத்துப் போடுங்கள், யாருடைய உரிமையையும் தொடவில்லை, எல்லோருக்கும் திறக்கும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு வழி இன்னும் நிறைய. ஒரே ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்கிற இதழ்களைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். இயற்பியல், கணிதம், கணினி என்றால் 1991 முதல் இயங்கிவருகிற ஆர்க்கைவ் தளத்தில் முன்வரைவு (இதழில் வருவதற்கு முன் எழுதியவரே போட்டுவைக்கிற பிரதி) இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல். அன்பேவால் என்று உலாவியில் சேர்த்துக்கொள்கிற ஒரு சின்னச் செருகுநிரல் இருக்கிறது, நீங்கள் பார்க்கிற கட்டுரைக்குச் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும், தட்டினால் போதும். எதுவும் கிடைக்கவில்லையா, கட்டுரையில் இருக்கிற மின்னஞ்சலுக்கு மரியாதையாக நாலு வரி எழுதிக் கேளுங்கள். ஆய்விதழ்களில் அந்தச் சந்தாப் பணம் எழுதியவருக்குப் போவதில்லை, தன் கட்டுரையை யாரோ ஒருவர் தேடிக் கேட்கிறார் என்பதே அவர்களுக்குச் சந்தோஷம். நான் கேட்ட பலர் அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் கூடவே இன்னும் இரண்டு கட்டுரைகளையும் அனுப்பினார். அப்படி வந்ததை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள், குழுவில் போட வேண்டும் என்றால் அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

3. கிஃப்ட் லிங்க் இருக்கிறதா பாருங்கள், அதன் வாலை வெட்டாதீர்கள்

சந்தா கட்டியிருப்பவர்களுக்கே பல பேருக்கு இது தெரியாது. பெரிய தளங்கள் பலவற்றில், சந்தாதாரர் ஒரு கட்டுரையை வெளியாளுக்குப் பரிசாகத் திறந்துவிடலாம். நியூயார்க் டைம்ஸில் மாதம் பத்துக் கட்டுரை அப்படிக் கொடுக்கலாம். வாஷிங்டன் போஸ்ட், ஃபைனான்ஷியல் டைம்ஸ் ஆகியவற்றிலும் உண்டு. மீடியம் தளத்தில் எழுதுகிறவர்களுக்கு நண்பர் லிங்க் என்று ஒன்று இருக்கிறது, எழுதியவரே அதைக் கொடுத்தால் உறுப்பினர் இல்லாதவர்களும் முழுதாகப் படிக்கலாம். மேலே சொன்ன எல்டபிள்யூஎன் தளமும் சந்தாதாரர்களுக்கு இப்படி லிங்க் தருகிறது. பகிர்வதற்கான குறியைத் தட்டும்போது பரிசுப் பெட்டிப் படம் வருகிறதா என்று பாருங்கள். இதில் எந்தச் சங்கடமும் வேண்டாம், கொடுப்பவரே கொடு என்று சொல்லி வைத்திருக்கிற வழி.

இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நீளமான லிங்க் போட்டால் திரை நிறைந்துவிடுகிறது என்பதால், கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கிற எழுத்துக் குவியலை வெட்டிவிட்டுப் போடுவது என் வழக்கம். சாதாரண லிங்க்கில் அது நல்ல பழக்கம்தான், அந்த வாலில் பெரும்பாலும் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று பின்தொடர்கிற குறிகள்தான் இருக்கும். கிஃப்ட் லிங்க்கில் மட்டும் அந்த வால்தான் சாவி. வெட்டினால் கட்டுரை மறுபடி பூட்டிக்கொள்ளும். ஒரு தோழி தன் மாதப் பங்கிலிருந்து எனக்காக எடுத்துக் கொடுத்த கட்டுரையை நான் இப்படி வாலை நறுக்கி நூறு பேர் இருக்கிற குழுவில் போட்டு, ஒருவர்கூடத் திறக்க முடியாமல், அவரிடம் மறுபடி கேட்க வேண்டியதாகிவிட்டது. சில தளங்களில் கிஃப்ட் லிங்க்குக்கு நாள் கணக்கு உண்டு, சிலவற்றில் இத்தனை பேர் திறந்தால் முடிந்தது என்ற அளவு உண்டு. அதனால் "சீக்கிரம் படித்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்ப்பது நல்லது.

4. உள்ளே இருப்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்

கிஃப்ட் லிங்க்கும் இல்லை, திறந்த மூலமும் முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனால் கட்டுரை முக்கியமானது. அப்போது நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும். நான் புதியவர்களுக்குக் காட்டுகிற மாதிரி இது:

"சந்தா வேண்டும், முதல் இரண்டு பத்தி மட்டும் திறக்கும். விஷயம்: ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், மத்திய அரசு ஆய்வு நிறுவனம் என்று 6,300-க்கும் மேற்பட்ட இடங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். தனியார் கல்லூரிகள் இதில் இல்லை, கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான். இலவசமாகப் படிக்க பிஐபி அறிக்கை முதல் லிங்க். சந்தா உள்ளவர்களுக்குக் கட்டுரை இரண்டாவது லிங்க்."

இதைப் படித்தவருக்கு லிங்க்கைத் தட்டாமலே விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது, சந்தா இருப்பவர் தட்டுவார், இல்லாதவர் பிஐபிக்குப் போவார், யாரும் கார்டு எண் போடுகிற கட்டத்தின் முன்னால் திகைத்து நிற்க மாட்டார்கள். இன்னொரு நன்மையும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் லிங்க் ஒட்டினால் தலைப்பும் படமும் மட்டும் தெரியும், உள்ளே போக முடியாதவர்கள் அந்தத் தலைப்பை வைத்தே வாதம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். பூட்டிய லிங்க்குக்குக் கீழே வருகிற சண்டைகளில் பாதி இப்படித் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போடுகிற சண்டைதான்.

(இந்த மாதிரிச் செய்தியில் சொன்ன திட்டமே பலருக்கு உதவும். அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறவரா நீங்கள்? குழுவில் "யாராவது இந்தக் கட்டுரையை எடுத்துத் தர முடியுமா" என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் கல்லூரி நூலகரிடம் போய் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது.)

சரி, சுருக்கி எழுதினால் உரிமைப் பிரச்சினை வராதா என்று கேட்பார்கள். தகவலுக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேற்கோள் காட்டுவதற்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது, விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தியைச் சொல்வது என்பதற்கெல்லாம் நியாயமான அளவில் எடுத்தாளலாம். இத்தனை சொல் என்று சட்டத்தில் எண் எதுவும் கிடையாது. நான் இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் அப்படியே எடுப்பதில்லை, அதுவும் அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும்.

தமிழ்க் குழுக்களில் அடிக்கடி நடக்கிற ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆங்கிலக் கட்டுரையைப் பத்திக்குப் பத்தி தமிழில் மொழிபெயர்த்துப் போடுகிறார்கள், நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆங்கிலம் வராதவர்களுக்கு உதவட்டும் என்றுதான். ஆனால் மொழிபெயர்க்கிற உரிமையும் எழுதியவருடையதுதான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. முழுக் கட்டுரை வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் செய்வதென்றால் சாரம் போதும், அதுவே பெரிய உதவி.

5. இவற்றைச் செய்யாதீர்கள்

முழு நாளிதழின் பிடிஎஃப்பைத் தினமும் காலை ஆறு மணிக்குப் போடுவது. தேர்வுக் குழுக்களில் இது சுப்ரபாதம் மாதிரி நடக்கிறது, போடுகிறவரைச் சேவை செய்கிறவர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். 2020இல் ஊரடங்கு நேரத்தில் இது உச்சத்துக்குப் போனபோது, தைனிக் ஜாக்ரண் நாளிதழை நடத்துகிற நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு மே 29 அன்று நீதிமன்றம், அந்த இதழின் பிடிஎஃப் வருகிற டெலிகிராம் சானல்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொன்னது, சானல் நடத்தியவர்கள் யார் என்ற விவரத்தையும் தரச் சொன்னது. டெலிகிராமில் பெயர் தெரியாமல் போடலாம் என்ற தைரியத்தில் இருப்பவர்கள் அந்த இரண்டாவது பகுதியைக் கவனிக்க வேண்டும். டவுன்லோடு செய்த பிடிஎஃப்பில் உங்கள் மின்னஞ்சலோ கணக்கு எண்ணோ மங்கலாகப் பதிந்திருக்கவும் வாய்ப்பிருக்கிறது.

கட்டுரையை ஏழெட்டு ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துப் போடுவதும் இதே கணக்குதான். தவிர, பார்வைக் குறைவுள்ள உறுப்பினர் போனை வாசிக்கவிட்டுக் கேட்டால் படத்தில் இருக்கிற எழுத்தை அது ஒழுங்காகச் சொல்வதில்லை. எங்கள் குழுவில் அப்படி இருவர் இருக்கிறார்கள்.

ஒருவருடைய லாகினையும் பாஸ்வேர்டையும் குழுவுக்கே கொடுப்பது. தளம் கண்டுபிடித்துக் கணக்கை முடக்குவது ஒரு பக்கம், அதே பாஸ்வேர்டைத்தான் அவர் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பார் என்பது இன்னொரு பக்கம்.

பூட்டை உடைக்கிற தளம், பூட்டை உடைக்கிற ஆப் என்று வருகிற லிங்க்குகள். ஆப் கடைக்கு வெளியிலிருந்து இறக்கி நிறுவச் சொல்கிற எதையும் குழுவில் விடாதீர்கள். ஒரு கட்டுரைக்காக நூறு பேரின் போனை ஆபத்தில் வைக்க முடியாது.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு மனக்கஷ்டம் தருவது, தமிழ்ச் சிற்றிதழ் ஒன்றின் இதழ் வெளிவந்த இரண்டாம் நாளே பிடிஎஃப்பாகச் சுற்றுவது. பெரிய நாளிதழுக்கு விளம்பரம் இருக்கிறது. சிற்றிதழ் சில நூறு சந்தாதாரர்களை நம்பித்தான் அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்குகிறது. அதைப் படிக்கிற ஆட்கள் எல்லோரும் நம்மைப் போன்ற குழுக்களில்தான் இருக்கிறோம், வெளியே வேறு வாசகர் கூட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. அந்த இதழில் ஒரு நல்ல கதை வந்திருக்கிறது என்றால், கதை எதைப் பற்றியது, உங்களுக்கு ஏன் பிடித்தது என்று எழுதி, சந்தா எவ்வளவு, யாருக்கு எப்படி அனுப்புவது என்று கீழே போடுங்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா இப்படி எழுதப்போய் ஒரே வாரத்தில் ஆறு பேர் சந்தா கட்டினார்கள், அந்த ஆறு பேரும் பிடிஎஃப் வந்திருந்தால் கட்டியிருக்க மாட்டார்கள்.

6. காசு விஷயத்தில் ஒரு வரி எழுதுங்கள்

பெரியவர்கள் இருக்கிற குழுவென்றால் "எங்கேயும் கார்டு எண் போட வேண்டாம்" என்ற வரியைப் பூட்டிய லிங்க் ஒவ்வொன்றோடும் சேருங்கள். முதல் மாதம் சில்லறைக் காசு என்று காட்டி, அடுத்த மாதத்திலிருந்து முழுக் கட்டணத்தைத் தானாக எடுக்கிற சந்தாக்கள் நிறைய. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து கொண்டுவந்த விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அதிலிருந்தே நிறுத்திக்கொள்ளவும் முடியும். ஆனால் முதல் முறை ஓடிபி போட்டு ஒப்புக்கொண்ட பிறகு, 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காமலே போகும். அந்த 24 மணி நேரத் தகவலை வங்கி விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள்.

நீங்கள் போடுகிற லிங்க் வழியாக யாராவது சந்தா கட்டினால் உங்களுக்குக் கமிஷன் வரும் என்றாலோ, அது உங்கள் சொந்தத் தளம், உங்கள் அண்ணன் நடத்துகிற கோர்ஸ் என்றாலோ அதை முதல் வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுப் போட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை, பின்னால் தெரியவந்தால் அதற்கு முன் நீங்கள் போட்ட நல்ல லிங்க்குகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

7. "ஃபுல் டெக்ஸ்ட் போடுங்க" என்று கேட்டால்

கேட்பார்கள், நிச்சயமாகக் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், அவர் படிக்க ஆசைப்பட்டுத்தான் கேட்கிறார். "முழுசாப் போட முடியாதுங்க, எந்தப் பகுதி வேணும்னு சொல்லுங்க, படிச்சுச் சொல்றேன்" என்று எழுதுங்கள். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது ஒரு எண்ணோ ஒரு பெயரோதான். அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

தொடர்ந்து படிக்க வேண்டியவர்களுக்கு நூலகத்தைக் காட்டுங்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம், எல்லா இடத்திலும் நாளிதழும் பருவ இதழும் உட்கார்ந்து படிக்கலாம். சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கிற உறுப்பினர்களுக்கு இன்னும் வசதி, அங்கே பொது நூலக உறுப்பினர் கணக்கை வைத்து பிரெஸ்ரீடர் வழியாக உலக நாளிதழ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். பல வருடம் அங்கே இருந்தும் இது தெரியாதவர்களை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன். விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களுக்கு விக்கிப்பீடியா நூலகம் என்று ஒன்று இருக்கிறது, ஆறு மாதம் ஆகி 500 திருத்தம் முடித்து, கடைசி மாதத்தில் பத்துத் திருத்தமாவது செய்திருந்தால் பல கட்டணத் தரவுத்தளங்கள் உள்ளே திறக்கும். தமிழ் விக்கியில் எழுதியிருந்தாலும் கணக்கில் வரும்.

குழுவுக்கென்று ஏற்கெனவே விதி இருந்தால் அதுதான் முதல். அட்மின் உங்கள் லிங்க்கை நீக்கினால் தனியாகக் கேளுங்கள், நடுக் குழுவில் வேண்டாம். விதியே இல்லாத குழு என்றால், நீங்கள் சாரத்தோடு நாலைந்து முறை போட்டாலே மற்றவர்களும் அப்படிப் போட ஆரம்பித்துவிடுவார்கள், எங்கள் குழுவில் விதி எழுதி ஒட்டுவதற்கு முன்பே அப்படித்தான் பழக்கமானது.

கடைசியாக ஒன்று. போட்டு முடித்ததும் இன்னொருவருடைய போனில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், அதற்குள் வாலை வெட்டியதோ பூட்டைச் சொல்ல மறந்ததோ கண்ணில் பட்டால் சரிசெய்துவிடலாம். பிறகு கட்டுரை எல்லோருக்கும் திறந்துவிட்டது என்றால், குழுவில் போட்ட பழைய செய்தியைத் தேடிப் பிடித்து, அதற்கு ரிப்ளை கொடுத்து "இப்போது திறக்கிறது" என்று எழுதுங்கள். எங்கள் ஆசிரியர் அதற்காகவே சில லிங்க்குகளை நட்சத்திரமிட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.